அலுமாரிச் சாவி போதாது

நடுவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஃபாதர் அவர்களே, பின்வரிசையில் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கேமில் மூழ்கிய பிள்ளையை மீட்பது பெற்றோரின் கண்டிப்பா, நெருக்கமா என்பது இன்றைய தலைப்பு. நான் நெருக்கத்தின் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா மூன்று ஆயுதங்களோடு வந்தார்: பைபிளின் நீதிமொழிகளில் இருந்து பிரம்பு, சீனாவில் இருந்து ஒரு சட்டம், தன் வீட்டில் இருந்து அலுமாரிச் சாவி. பத்தாம் ஆண்டு படிக்கும் மகனின் போனைப் பறித்து அலுமாரியில் பூட்டினாராம். ஒரு கிழமையில் பிள்ளை திருந்திவிட்டானாம். சபை கைதட்டியது. நானும் தட்டினேன், மரியாதைக்கு.

சீனாவை முதலில் முடித்துவிடுகிறேன். 2021ஆம் ஆண்டு அங்கே வந்த விதிப்படி, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் இரவு 8 மணி முதல் 9 மணி வரைதான் ஒன்லைன் கேம் விளையாடலாம். உண்மைதான். ஆனால் ஐயா, அந்த விதி கட்டிப்போட்டது கேம் கம்பனிகளின் கையை. அதைக் கொண்டுவந்து கொழும்பு கொட்டாஞ்சேனை அம்மாமார் கையில் பிரம்பாகக் கொடுக்கிறீர்களே! தென்கொரியாவும் 2011இல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை கேமை மூடியது. பத்து வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு, 2021இல் அதைக் கைவிட முடிவெடுத்தது. எந்த நேரம் மூடுவது என்பதை வீடே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டது.

சரி, நம் வீட்டுக்குள் வருவோம். இந்தப் போன் எப்படி வந்தது? 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடம் ஸூமிலும் வட்ஸ்அப்பிலும் வந்தது. நகையை அடகு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்த தாய்மார் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். தொடர்மாடியில் கிரிக்கெட் விளையாட இடமில்லை, லொக்டவுனில் படியிறங்கவும் முடியாது. கூட்டாளிமாரைச் சந்திக்க அவனுக்கு மிஞ்சிய இடம் கேம். அவன் சத்தம் போடாமல் இருந்தது நமக்கும் வசதியாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அவன் அங்கேயே இருக்கிறான் என்றதும்தான் நமக்குப் பிரம்பு ஞாபகம் வந்தது.

எதிரணி ஐயா, சாவியை எடுக்க முதல் அந்த கேமை ஒரு தரமாவது பார்த்தீர்களா? பப்ஜி என்ற சுடும் கேமின் வழக்கமான மட்சில் 100 பேர் வரை இறங்குவார்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாட். ஒரு மட்ச் அரை மணி நேரம் வரை போகும். ஃப்ரீ ஃபயர் என்றால் பத்து நிமிஷம் அளவில் முடியும். நடுவில் நிறுத்திவைக்க வழி கிடையாது. “செபமாலைக்கு வா, இப்பவே வா” என்று நீங்கள் கத்தும்போது, அவன் மாதாவையும் கேமையும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. கூட இறங்கிய மூன்று பேரை நடுக்களத்தில் விட்டுவிட்டு எப்படி எழும்புவது என்று தவிக்கிறான். கூட்டாளியைக் கைவிடாதே என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நாம்தானே! ஏழு மணிக்குச் செபமாலை என்றால், ஆறரைக்குப் பிறகு புது மட்ச் தொடங்காதே என்று சொல்லிப் பாருங்கள். பாதிச் சண்டை அதோடு போய்விடும். ஆனால் அதைச் சொல்ல, மட்ச் எவ்வளவு நேரம் என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார வேண்டும்.

உட்கார்ந்தால் இன்னொன்றும் கண்ணில் படும். காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள். உள்ளே என்ன இருக்கும் என்று திறக்கும்வரை தெரியாது. சுவீப் டிக்கட் சுரண்டுகிற அதே வேலைதான். 2018இல் பெல்ஜியம் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. இதைப் பாவம் என்று பிரசங்கம் வைத்தால் பையன் காதை மூடிக்கொள்வான். “உன் ரீலோட் காசைப் பிடுங்க எவனோ ஆறுதலாக உட்கார்ந்து யோசித்துச் செய்த பெட்டி இது” என்று சொல்லுங்கள். பதினைந்து வயதில் யாருக்கும் ஏமாளியாக இருக்கப் பிடிக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பன் கட்டாரில் வேலை. வீட்டில் தாய், அம்மம்மா, மகன். மகனுக்கு அது சாதாரண தரப் பரீட்சை வருஷம். இரவு இரண்டு மணிவரை கேம், காலையில் பள்ளிக்கூடத்தில் தூக்கம். பிசாசு பிடித்திருக்கிறது, கூட்டிக்கொண்டுபோய்ச் செபியுங்கள் என்று ஒருவர் சொன்னார். மாமா போனைப் பறித்தார். பையன் ரியூஷன் முடியக் கூட்டாளி வீட்டுக்குப் போனான், அங்கே விளையாடினான். அம்மாவுக்குப் போனும் தெரியவில்லை, பிள்ளை எங்கே என்பதும் தெரியவில்லை. கடைசியில் தகப்பன் ஒன்று செய்தார். அதே கேமைத் தன் போனில் இறக்கி, “எனக்கும் காட்டித் தா” என்றார். வேலை முடிந்து வந்து மகனோடு இறங்குவார், இறங்கிய உடனேயே செத்துப்போவார். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா செத்துக் கிடக்கிற நேரத்தில் பேச்சு வளர்ந்தது. கணக்கு ஒன்றுமே விளங்கவில்லை, கூட்டமான ரியூஷன் வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்க வெட்கம் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. கேமை அவன் விட்டுவிடவில்லை. குறைத்தான். இரவில் போன் இப்போது அம்மம்மாவின் தலைமாட்டில். அந்த நேரத்தை அவனே சொன்னான் என்பதால் அது நிற்கிறது. விதியே வேண்டாம் என்று என் கட்சி எங்கே சொன்னது?

இவ்வளவு செய்தும் முடியாமல் போகலாம். கட்டுப்பாடு கைமீறி, படிப்பு, சாப்பாடு, நித்திரை எல்லாம் பின்னால் போய், கெடுதல் தெரிந்தும் விட முடியாத நிலை, பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்தால், அதை உலக சுகாதார அமைப்பு நோயாகவே கணக்கெடுக்கிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப்பட்டியலில் அது இருக்கிறது. செபியுங்கள், நான் தடுக்கவில்லை. செபித்துவிட்டு டொக்டரிடமும் போங்கள். இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு ஒரு கோல் எடுங்கள்.

ஃபாதர் கோபிக்கக்கூடாது, உங்களிடமும் ஒரு கேள்வி. கேமில் நம் பிள்ளை தலைவன். எங்கே இறங்குவது, யாரைக் காப்பது என்று மூன்று பேர் அவன் சொல்லைக் கேட்கிறார்கள். நம் பங்குக் கோயிலில் பதினைந்து வயதுப் பையனுக்கு என்ன வேலை? திருவிழாவுக்கு நாற்காலி அடுக்குவது!

ஐயா பிரம்பைப் படித்தார். நான் லூக்கா இரண்டாம் அதிகாரத்துக்குப் போகிறேன். அங்கே இயேசு பன்னிரண்டு வயதுப் பிள்ளை. எருசலேமில் பாஸ்காத் திருவிழா முடிந்து ஊர் திரும்பும் தாய்தகப்பன், கூட்டத்தில் எங்கேயோ வருகிறான் என்று நினைத்து ஒரு நாள் தூரம் நடந்துவிட்டார்கள். மரியாளுக்கும் சூசையப்பருக்கும் நடந்தது நமக்கு நடக்காதா? அவர்கள் எருசலேமுக்குத் திரும்பிப் போனார்கள். மூன்று நாளுக்குப் பிறகு, அவன் இருந்த இடத்திலேயே கண்டார்கள். தாய் கேட்டார், ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்று. கவலையை ஒளிக்கவில்லை. பிள்ளையும் தன் பக்கத்தைச் சொன்னான். அந்தப் பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்றே எழுதியிருக்கிறது. அப்புறம் அவன் அவர்களோடு நாசரேத்துக்குப் போய், கீழ்ப்படிந்து இருந்தான். அங்கே யார் பிரம்பு எடுத்தார்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து எதிரணி ஐயா பதில் சொல்ல எழும்புவார். அலுமாரியில் பூட்டுமுன் உங்கள் மகனோடு ஸ்குவாட்டில் இருந்த மற்ற மூன்று பேரின் பெயரைச் சொல்லுங்கள் ஐயா. சொல்லிவிட்டால் இந்தக் கட்சியை விட்டுவிட்டு உங்கள் பக்கத்துக் கதிரையில் வந்து இருக்கிறேன்.