பத்து இருக்கா?

நேயர்களுக்கு வணக்கம். சிலர் பசியாறிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள், சிலர் அடுப்படியில் வானொலியை வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பீர்கள். கை வேலையை விட வேண்டாம், காதை மட்டும் கொஞ்சம் கொடுங்கள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை என் அண்ணன் மகள் ஈப்போவிலிருந்து வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாகக் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அத்தை, வலைப்பூ ஆரம்பிக்கப் போறேன். நம்ம தோட்டத்துக் கதையெல்லாம் எழுதப் போறேன்." வலைப்பூ என்றால் பிளாக், இணையத்தில் நாமே எழுதிப் போடும் பக்கம். பார்த்தேன். மேலே அழகான படம்: பால் மரம், அதாவது ரப்பர் மரம், அதில் பால் பிடிக்கும் கிண்ணமான ஒரு மங்கு, மங்கில் ஒரு சொட்டு விழுகிறது. பெயர் வைத்தாகிவிட்டது. எழுத்தின் நிறத்தை மட்டும் மூன்று தடவை மாற்றினாளாம்.

"எல்லாம் சரிம்மா, கையில எத்தனை கட்டுரை இருக்கு?"

"ஒண்ணு அத்தை. வாங்க வாங்கன்னு ஓர் அறிமுகம்."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏனென்று சொல்கிறேன்.

1978. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், அங்கேதான் நாங்கள் இருந்தோம். நாலு பேர் சேர்ந்து ஒரு மாத இதழ் தொடங்கினோம். அச்சுக்கூடமெல்லாம் ஏது? ஸ்டென்சில் தாளில் எழுத்தாணியால் கீறி, கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி மனசு வைத்ததால் படியெடுக்கும் ஆபீஸ் ரோனியோ இயந்திரத்தில் ராத்திரி ராத்திரியாகச் சுற்றி எடுத்தோம். கை முழுக்க மை. அந்தக் கையோடு சோறு பிசைந்தால் சோறும் நீலம். முதல் இதழ் 32 பக்கம், 60 படி, விலை 50 காசு. கோயில் திருவிழாவில் வைத்தோம், சாமி ஊர்வலம் திரும்புவதற்குள் தீர்ந்துவிட்டது. நாங்கள் தரையில் நடக்கவில்லை போங்கள்.

அந்த 32 பக்கத்தில் என்னென்ன இருந்தது தெரியுமா? எங்களிடம் இருந்த எல்லாமே இருந்தது. என் கவிதை நாலு, ஒரு தோழர் ஐந்து வருடமாக மனசில் வைத்திருந்த கட்டுரை, விடுகதை, கோலம், நாலு பேரும் ஆளுக்கொரு தலையங்கம். ஒரு தோழி தொடர்கதை எழுதினாள். முதல் அத்தியாய முடிவில் கதாநாயகி கிணற்று மேட்டில் வந்து நிற்கிறாள், "தொடரும்" என்று போட்டாயிற்று. இரண்டாம் அத்தியாயத்தை அவள் எழுதவே இல்லை. நேயர்களே, அந்தப் பெண் இன்றைக்கும் அந்தக் கிணற்று மேட்டில்தான் நிற்கிறாள்.

இரண்டாவது இதழ் இரண்டு மாதம் தாமதம், 12 பக்கம். கேள்வி பதில் பகுதிக்குக் கேள்வி வரவில்லை. நானே நாலு தோட்டத்துப் பேரைப் போட்டு நாலு கேள்வி கேட்டு நானே பதில் சொன்னேன். மூன்றாவது வரவில்லை.

வராமல் போனால் போகட்டும் என்று விட முடியாதபடி ஒருவர் இருந்தார். லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடுகள். மூன்றாம் லயத்துப் பாட்டி ஒருவர், பால் மரம் வெட்டியே வயதானவர், ஓர் எழுத்துத் தெரியாது. முதல் இதழ் வந்த அன்றே முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறு வெள்ளி, அதாவது ஆறு ரிங்கிட், எண்ணிக் கொடுத்தார், ஒரு வருடச் சந்தா. எங்கள் ஒரே சந்தாதாரர் அவர்தான். பேரன் வாசிப்பான், இவர் கால் நீட்டி உட்கார்ந்து கேட்பார். அப்புறம் ஒவ்வொரு மாதமும் குழாயடியில் என்னைப் பார்த்தால் ஒரே கேள்வி: "புத்தகம் வந்துச்சா?" வரும் பாட்டி, வரும் பாட்டி. ஒருநாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: "என்னடி, பால் வத்திப்போச்சா?"

மீதி ஐந்து வெள்ளியைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. "வரும்போது புத்தகமாக் கொடு" என்றார்.

பால் வற்றியதா என்று அவர் கேட்டது சும்மா பேச்சுக்கு இல்லை. இதைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோலக்கங்சார். 1877இல் அங்கே கொண்டுவந்து நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது, பார்த்தவர்கள் இருப்பீர்கள். அந்த மரத்துச் சந்ததியை வெட்டித்தானே நாமெல்லாம் சோறு தின்றோம்! அதனால் நமக்கு இது தெரியும்: கன்று நட்டு ஐந்து, ஆறு, ஏழு வருடம்கூட ஆகும் உளி வைக்க. வருடத்தை மட்டும் எண்ணவும் மாட்டார்கள். நாடாவைச் சுற்றி அளந்து பார்த்து, 45, 50 சென்டிமீட்டர் பருமன் வந்தால்தான் வெட்டு மரம். அவசரப்பட்டு முன்னாடியே வெட்டினால் பாலும் சரியாக வராது, மரமும் பருக்காது. வெட்டத் தொடங்கிய பிறகும் தினம் வெட்ட மாட்டார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். என் அப்பா சொல்வார், மரத்துக்கு மூச்சு விட நேரம் கொடு என்று. நாங்கள் எங்கள் இதழில் கன்றிலேயே உளி வைத்தோம், அதுவும் ஒரே நாளில் பட்டை முழுக்க.

சரி, வலைப்பூவுக்கு வருவோம். எழுதுவதற்குக் கருவி இல்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இலேயே கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிவிட்டார், இன்று கைப்பேசியிலேயே தமிழில் தட்டலாம். இடமும் இலவசம். வலைப்பூவுக்கு இடம் தரும் பிளாகர் தளம் 1999இல் வந்தது. 2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பூக்கள் மளமளவென்று பூத்தன. நானும் தேடித் தேடிப் படித்தவள். எத்தனையோ பார்த்தேன், ஒரே மாதிரி: முதல் பதிவு, "இனி வாரந்தோறும் சந்திப்போம்." இரண்டாவது, "வேலைப்பளு, மன்னிக்கவும்." மூன்றாவது கிடையாது. எங்கள் இதழேதான், மை மட்டும் கையில் ஒட்டவில்லை.

ஆகவே அண்ணன் மகளிடம் சொன்னேன்: பத்து எழுது. எழுதி உள்ளேயே வை. யாருக்கும் காட்டாதே, எனக்கும் காட்டாதே. பத்து இருந்தால் அப்புறம் கதவைத் திற. திறக்கிற அன்றைக்கு நாலைந்து வெளியே இருக்கட்டும். வருகிறவர் ஒன்றைப் படித்துவிட்டு இன்னும் இருக்கா என்று பார்ப்பார், இல்லையென்றால் போய்விடுவார், திரும்ப வர மாட்டார். மீதியை வாரம் ஒன்றாக விடு. இந்த நாளில் இந்த நேரத்தில் வெளியாகட்டும் என்று முன்கூட்டியே தேதி குறித்து வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. ஒன்று வெளியே போனால் ஒன்று உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அரிசிப் பானையில் கடைசிப்படி வரைக்கும் யாராவது அளப்பார்களா?

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள். பத்து எழுத வரவில்லையென்றால் என்ன செய்வது என்று வாசலில் நின்று கேட்டாள். அப்படியென்றால் உன்னிடம் இருப்பது வலைப்பூ இல்லை, ஒரு கட்டுரை, நாளிதழ் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பு என்றேன். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது எனக்கு இன்னும் மனக்குறைதான், ஆனாலும் வேறு நாளிதழ்கள் இருக்கின்றனவே.

நாலு மாதம் கழித்து வந்தாள். பத்து கேட்டேன், பன்னிரண்டு வைத்திருந்தாள். நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்திருந்தது. முதல் மூன்று கட்டுரையும் எல்லாரும் எழுதுவதுதான்: வேலைக்குப் பேர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டு, லயம், கங்காணி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை. ஆறாவதில் தோட்டத்து மளிகைக் கடையின் கடன் புத்தகத்தைப் பற்றி எழுதினாளாம். யார் வீட்டுக்கு எத்தனை மங்கு அரிசி, எந்த வீட்டில் சம்பள நாளுக்கு முந்தின வாரம் நெத்திலி மட்டும், யார் கணக்கைக் கடைக்காரர் கோடு போட்டு அடித்துவிட்டார், எதற்காக அடித்தார். அதை எழுதும்போதுதான், "அத்தை, நான் தோட்டத்தைப் பத்தி எழுத வரல, தோட்டத்துக் கடனைப் பத்தி எழுத வந்திருக்கேன்" என்று அவளுக்கே தெரிந்ததாம். முதல் மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டாள். மேலே இருந்த மங்கு, சொட்டு எல்லாம் போய் ஒரு பழைய கணக்குப் புத்தகப் படம் வந்தது. முதல் நாளே திறந்திருந்தால் ஊர் பார்க்க இதெல்லாம் செய்திருக்க வேண்டும். நான் பத்து என்று சொன்னது பானை காலியாகக் கூடாது என்பதற்காகத்தான். பானையில் இருப்பது என்ன அரிசி என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

இன்னொன்று. நாலாவதில் ஒரு பாலம் உடைந்த வருடம் ஒன்று, ஒன்பதாவதில் வேறொன்று. எல்லாம் வீட்டுக்குள் இருந்ததால் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்த முடிந்தது.

பண்டிகைக் கட்டுரையை இரண்டு மாதம் முன்னாடியே எழுதிவிட வேண்டும், தைப்பூசத்தன்று உட்கார்ந்து தைப்பூசம் எழுத முடியாது, காவடி பார்க்கப் போய்விடுவோம். பெரியவர்களிடம் கேட்டு எழுதுவதை முதலில் எழுதுங்கள், அவர்கள் காத்திருக்க... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். பழைய புகைப்படங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்திருந்தேன், பால் மரத்தில் நேரம் போய்விட்டது. ஒன்று மட்டும்: இன்னொருத்தர் வீட்டுப் படம் என்றால் அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். எழுதியதற்கெல்லாம் வேறோர் இடத்தில் ஒரு நகல் வையுங்கள்.

அடுத்த மாதம் திறக்கிறாள். மூன்றாம் லயத்துப் பாட்டியின் ஆறு வெள்ளி ஏழாவதாக வருகிறது. அந்தப் பேரனைத் தேடிப் பிடித்துவிட்டோம், அவரே வாசித்துக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். வணக்கம்.