எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் இறுகிப்போன கேஸ் பிளக்கைக் கழற்றும் முறை

வணக்கம், நேயர்களே. கோலாலம்பூரிலிருந்து பேசுகிறேன். நான் ராணுவ ஆயுதப் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், வெளிநாட்டில் முறையான உரிமத்துடன் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். என்ற பழைய ராணுவத் துப்பாக்கி வைத்திருக்கும் நேயர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். துடைப்பதற்காகப் பிரித்தபோது, வாயு அறையின் மூடியான கேஸ் பிளக் அசையவே இல்லை, சுத்தியலால் ஓங்கித் தட்டலாமா என்கிறார். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் துப்பாக்கிக் குற்றங்களுக்கான 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டமும் மிகக் கடுமையானவை. ஆகவே இன்று மேசைமீது துப்பாக்கி எதுவும் கிடையாது; பின்னால் உள்ள வெள்ளைப் பலகையில் வரைந்திருக்கும் படத்தை வைத்தே விளக்குகிறேன்.

பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். துப்பாக்கியின் வடிவத்தைத் தழுவிப் பிரிட்டன் உருவாக்கிய எல்1ஏ1 என்ற வகைதான் எஸ்.எல்.ஆர். எம்16 துப்பாக்கி வருவதற்கு முன்பு நம் வீரர்கள் தோளில் சுமந்ததும் இதுவே. 7.62 மில்லிமீட்டர் தோட்டா, 20 தோட்டா கொள்ளும் மகசின், விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. குண்டு குழலைக் கடந்து போகும்போது, வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் ஒரு பகுதி, குழலின் மேற்புறத்தில் உள்ள சிறு துளை வழியாக வாயு அறைக்குள் மேலேறி, பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைச் செய்கிறது. அந்த வாயு அறையின் முன்வாயை மூடி நிற்பதுதான் கேஸ் பிளக். வெடிமருந்தின் கரி வந்து படிவது அங்கேதான். நம் ஊரைப் போன்ற ஈரக்காற்றில் அந்தக் கரி நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதன் அடியில் துருவும் சேர்ந்துவிட்டால், பிளக்கைச் சுற்றிக் கறுப்பும் செம்மையும் கலந்த ஒரு பொருக்கு ஓடுபோல இறுகிவிடும்.

எதையும் தொடுவதற்கு முன் மகசினைக் கழற்றுங்கள். பின்னர் தோட்டா ஏற்றுவதற்கு இழுக்கும் கைப்பிடியான காக்கிங் ஹேண்டிலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். பார்த்துவிட்டேன் என்று நினைத்தாலும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருவோம். பிளக் கழலவில்லை என்று சொல்பவர்களில் பலர் எது பிடித்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. பிளக்கின் ஓரத்தில், ஸ்பிரிங் வைத்த சிறு முளை ஒன்று இருக்கிறது. அதை உள்ளே அழுத்திக்கொண்டு பிளக்கைக் கால் சுற்று திருப்பினால்தான் பூட்டு விடும். முளை உள்ளே போகாவிட்டால் சிக்கல் முளையில் இருக்கிறது; முளை நன்றாக அழுந்தியும் பிளக் திரும்பாவிட்டால் சிக்கல் கரியில் இருக்கிறது. முளை இன்னும் பூட்டியிருக்கும்போதே பிளக்கைத் திருகுவதால்தான் அதன் காதுகள், அதாவது பிடித்துத் திருப்புவதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள், மழுங்கிப் போகின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான், ஏனென்றால் அந்தச் சேதம் முழுவதும் தவிர்க்கக்கூடியது.

இரண்டுக்குமே முதல் மருந்து எண்ணெய்தான். துருவை இளக்கும் எண்ணெயை முளையைச் சுற்றியும் பிளக்கின் விளிம்பிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, குழல்வாய் மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் பித்தளைக் கம்பியின் முனையால் முளையை அழுத்தி அழுத்தி விடுங்கள். மணலைத் தேய்ப்பதுபோன்ற ஒரு நறநறப்பு முதலில் கைக்குத் தெரியும், அது குறையக் குறைய முளை உயிர்பெறும். அதன் பிறகு முளையை அழுத்திய நிலையில், பிளக்கின் காதில் மரத்துண்டை வைத்து நைலான் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ஒரே பக்கமாகத் தள்ளாமல், முன்னும் பின்னுமாக மயிரிழை அளவு ஆட்டிக்கொடுத்தால், கரி பொடிந்து தானே வழிவிடும். எஃகுச் சுத்தியல் வேண்டாம், குறடும் வேண்டாம். துப்பாக்கியை வைஸில், அதாவது பட்டறை மேசையில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் கருவியில், இறுக்க நேர்ந்தால் வாயுக் குழாயைக் கவ்வும்படி வைத்துவிடாதீர்கள். அதன் சுவர் மெல்லியது, சற்றே நசுங்கினாலும் பிஸ்டன் தடைபட்டு, துப்பாக்கி தானாக ஏற்றிக்கொள்வது நின்றுவிடும்.

பூட்டு விடும் நொடியில் உள்ளிருக்கும் பிஸ்டன் ஸ்பிரிங் பிளக்கை வெளியே தள்ளும். முகத்தை நேர் எதிரில் வைக்காமல், உள்ளங்கையால் மூடிக்கொண்டு திருப்புங்கள்.

வெளியே வந்த பிளக்கையும் பிஸ்டனையும் பித்தளைத் தூரிகையால் துடைத்தால் போதும். பளபளக்க வேண்டும் என்று உப்புத்தாள் போட்டால் பிஸ்டனின் அளவு குறைந்து வாயு கசியும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இளக்குவதற்கு விட்ட எண்ணெய் முழுவதையும் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இந்தத் துப்பாக்கியின் வாயுப் பகுதி உலர்ந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே தங்கும் எண்ணெய் அடுத்த முறை சுடும்போது வெந்து கரியாகிப் பிளக்கை மறுபடியும் கட்டிப்போடும். துரு பிடிக்குமே என்று அந்த இடத்தில் தாராளமாக எண்ணெய் பூசி வைப்பவர்களிடம்தான் இறுகிய பிளக்குகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

திரும்பப் பொருத்தும்போது பிளக்கின் திசையைக் கவனியுங்கள். அதைத் தலைகீழாகப் போட்டால் வாயு பிஸ்டனுக்குப் போகும் வழி அடைபடும். துப்பாக்கி சுடும், ஆனால் ஒவ்வொரு முறையும் கையால்தான் இழுத்து ஏற்ற வேண்டியிருக்கும். சரியான பக்கம் வைத்து, திருப்பி, முளை தன் இடத்தில் வந்து விழுந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.