அசையாமல் கிடந்த தம்பிக்குக் காது கேட்டதா?

சரி, அடுத்த கேள்வி. இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓர் அக்கா எழுதியிருக்கிறார். போன வருடம் அவருடைய தம்பி நான்கு நாள் பேச்சில்லாமல், சாப்பாடில்லாமல், கண்ணைத் திறந்தபடி கிடந்தாராம். கையைத் தூக்கிவிட்டால் அந்தரத்தில் அப்படியே நின்றதாம். கேட்டடோனியா, அதாவது மனநோயிலோ மூளை நோயிலோ உடம்பு இப்படி உறைந்துபோகிற நிலை என்று கண்டுபிடித்து வைத்தியம் பார்த்து, இப்போது வேலைக்குப் போகிறார். அக்கா கேட்பது இதுதான்: "பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ பேசினோம் டாக்டர். அதெல்லாம் அவனுக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்கும் அம்மா. எல்லாருக்கும் எல்லாமும் நினைவில் நிற்பதில்லை. ஆனால் தெளிந்த பிறகு நிறையப் பேர் சொல்வார்கள்: கேட்டது, புரிந்தது, உள்ளே பயம் அடித்துக்கொண்டது, உடம்புதான் சொன்னபடி கேட்கவில்லை.

நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். பிரசவமாகி மூன்று வாரம். கண் கொட்டாமல் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். தலையணையை எடுத்தால் தலை கட்டிலில் விழவில்லை, அந்தரத்திலேயே நின்றது. மாமியார் அவர் காதுபடவே, "இவ இனி தேறமாட்டா, பிள்ளையை யாருக்காவது குடுத்துடலாம்" என்று அழுதுகொண்டிருந்தார். எங்கள் சீஃப் லோராசெபாம் 2 மில்லிகிராம் நரம்பில் போடச் சொன்னார். சாதாரணமாகத் தூங்க வைக்கிற மருந்து அது. பத்து நிமிடம் ஆகியிருக்கும், கண் மெல்ல அசைந்தது. முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "பிள்ளையை யாருக்கும் குடுக்காதீங்க அத்தை" என்றார். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்கு இது அலுத்திருக்கும், பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன். நோயாளியை வைத்துக்கொண்டு நோயாளியைப் பற்றிப் பேசாதீர்கள். டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த ஊசி வேலை செய்தால் கேட்டடோனியாதான் என்பது ஓரளவு உறுதி. ஆனால் சில மணி நேரத்தில் வீரியம் இறங்கிவிடும், திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதில் மசியாவிட்டால் ஈசிடி, அதாவது மூளைக்குக் கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுக்கிற வைத்தியம், நீங்கள் ஷாக் என்று சொல்வது. சினிமாவில் காட்டுவது போல இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. இந்த நோய்க்கு அது அருமையாகக் கேட்கும்.

1874இல் கால்பௌம் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைத் தனி நோயாகத்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயின் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். தம்பிக்கும் அந்தப் பட்டம்தானா என்று பயப்படாதீர்கள். பைபோலார் (மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற நோய்), கடும் மனச்சோர்வு இவற்றில்தான் இதை அதிகம் பார்க்கிறோம். மூளையழற்சியிலும் வரும், பல நாள் சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் வரும். எல்லாரும் சிலை மாதிரி இருப்பதும் இல்லை. சிலர் நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள், சிலர் காரணமில்லாமல் ஆர்ப்பாட்டம் செய்வார்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பெண் முதலில் கேட்டது தண்ணீர். அதற்கு முன் இரண்டு நாள் அவர் ஒரு வாய் குடிக்கவில்லை, வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. பேய், செய்வினை என்று அலைந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் இறங்காமல் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். கூடவே காய்ச்சல் அடித்து, உடம்பு விறைத்து, நாடி தாறுமாறாக ஓடினால் ராத்திரி, ஞாயிறு என்று பார்க்கக் கூடாது, அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். அங்கே நான் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார், எப்போது சிறுநீர் போனார்?" என்பதுதான். உங்கள் தம்பிக்கு நான்கு நாள் என்றீர்கள். அதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

அப்புறம், என்னிடம் கேட்டதைத் தம்பியிடமே கேளுங்களேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.