காசு திரையில தெரியுது, கதை எங்கேங்க?

நடுவர் ஐயாவுக்கும், எதிரணிக்கும், இந்த நேரம் வரைக்கும் உக்காந்து கேட்கிற திருப்பூர் மக்களுக்கும் வணக்கமுங்க. 'பெரும் பணம் போட்டு எடுக்கிற அறிவியல் புனைவுத் தொடர்கள் தருவது பிரமிப்பா, ஏமாற்றமா?' ஏமாற்றமேன்னு வாதாட வந்திருக்கிறேனுங்க.

எதிரணித் தம்பி செவ்வாய்க் குடியிருப்பைப் பத்தின ஒரு பத்துப் பகுதித் தொடரைப் புகழ்ந்து ரெண்டு விசயம் சொன்னாரு. ஒவ்வொரு காட்சியிலயும் செலவு தெரியுதாமா. அறிவியலைத் துருவிப் பார்த்தா கதையை ரசிக்க முடியாதாமா.

செலவையே முதல்ல எடுத்துக்குவோம். 2019ல வெளிவந்த 'மாண்டலோரியன்' தொடருக்கு 20 அடி உயரத்துல, 75 அடி குறுக்களவுல எல்.இ.டி. சுவர் வளைச்சுக் கட்டினாங்க. அப்புறம் பல பேரு அதே வழிக்கு வந்துட்டாங்க. பாலைவனம், கிரகம் எல்லாம் சுவர்ல ஓடும், நடிகர் முன்னால நிப்பாரு. நல்ல கருவிதானுங்க. ஆனா சுவரை ஃபோகஸ் பண்ணினா எல்.இ.டி. புள்ளி வரிசையும் கேமரா சென்சாரும் ஒத்துப்போகாம அலையலையாக் கோடு விழும். அதனால பின்னணியை மங்கலாவே வைக்கோணும். சுவர் வெளிச்சம் பரவலா வர்றதால உச்சி வெயிலோட கூர்மையான நிழல் கிடைக்காது. அதனால எப்பப் பார்த்தாலும் அந்திப்பொழுது, மேகமூட்டம். நடக்க இடம் கம்மி, அதனால நின்னு நின்னு பேச்சு. வெயில் காட்சியை வெளியில போய் எடுத்து, சுவருக்கு முன்னால நிஜ மண்ணையும் பாறையையும் கொட்டினா இதைச் சமாளிக்கலாம். அந்த மெனக்கெடல் இல்லாதப்ப பத்துத் தொடரும் ஒரே முகமா வந்து நிக்குது.

இனி அறிவியல். தம்பி, அறிவியலை வெட்டிப்போட்டா கதையும் சேர்ந்து போயிருதுங்க!

செவ்வாய் நமக்குக் கிட்ட வர்றப்ப ஏறத்தாழ 5.6 கோடி கிலோமீட்டர், தள்ளிப் போறப்ப 40 கோடி. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகுது. அப்படீன்னா இங்கிருந்து ஒரு வார்த்தை போய்ச் சேர 3 நிமிசத்துல இருந்து 22 நிமிசம் ஆகும், பதில் வர இன்னொரு மடங்கு. தொடர்கள்ல என்ன பண்றாங்க? அங்கே ஒருத்தர் அழுகறாரு, இங்கிருந்து உடனே ஆறுதல் சொல்றாங்க. அந்த 44 நிமிசக் காத்திருப்புல எத்தனை கதை இருக்குது!

நம்ம பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில பிறந்த மயில்சாமி அண்ணாதுரை முன்னின்ன மங்கள்யான் செவ்வாய்க் கலத்தைப் பாருங்க. 450 கோடி ரூபாய்த் திட்டம். 2014 செப்டம்பர் 24 அன்னிக்கு, பத்து மாசம் தூங்கின பிரதான இன்ஜின், கலத்தைச் செவ்வாயோட சுத்துப்பாதையில நிறுத்த 24 நிமிசம் எரியோணும். சமிக்ஞை வர்றதுக்கே 12 நிமிசத்துக்கு மேல. இடையில கலம் செவ்வாய்க்குப் பின்னால மறைஞ்சும் போகுது. பிழை நேர்ந்தா இங்கிருந்து திருத்த நேரமில்லை. அதனால கட்டளையெல்லாம் முன்கூட்டியே ஏத்தி வெச்சுட்டுக் காத்திருந்தாங்க. எந்த எல்.இ.டி. சுவருங்க இந்தப் படபடப்பைக் கொடுத்துச்சு?

அடுத்தது தண்ணி. இந்த ஊருக்குத் தண்ணியைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லைங்க. 2011ல உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்கப்புறம், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறை இருந்தாத்தான் திறக்க முடிஞ்சுது. நொய்யலைக் கெடுத்த கழிவை நுண்ணுயிர் வெச்சுச் சுத்தம் பண்ணி, ஆர்.ஓ.வுல வடிகட்டி, மிச்சத்தை எவாப்பரேட்டர்ல காய்ச்சுறோம். கடைசியில மிஞ்சுற கலப்பு உப்பை எங்கே கொட்டறதுங்கறதுதான் இன்னிக்கும் தலைவலி.

விண்வெளி நிலையத்துலயும் இதே பாடுதானுங்க. வேர்வை, மூச்சுக்காத்து ஈரம், சிறுநீர் எல்லாத்தையும் பிடிச்சுச் சுத்தம் பண்றாங்க. காய்ச்சினப்புறம் மிஞ்சுற உப்புக்கரைசல்ல இருந்தும் சவ்வு வழியா ஈரத்தை இழுத்து, 2023ல 98 சதவீதம் மீட்டுக் காட்டினாங்க. செவ்வாய்க் குடியிருப்புல அந்தச் சவ்வு கிழிஞ்சா என்னாகும்? அங்கே கப்பல் அனுப்பத் தோதான காலம் ஏறத்தாழ 26 மாசத்துக்கு ஒருக்காத்தான் வரும். யாருக்கு எத்தனை டம்ளர்னு யாரு முடிவு பண்றது? குழந்தை பெத்துக்க அனுமதி உண்டா? இதுல ஒரு பருவமே எடுக்கலாமுங்க! அதை விட்டுப்போட்டு, மடிப்புக் கலையாத புதுச் சட்டையோட வாரிசுச் சண்டை போட்டுட்டு இருக்கறாங்க. அந்தச் சண்டைக்குச் செவ்வாய் எதுக்கு? மாளிகை செட்டே போதுமே.

'எக்ஸ்பான்ஸ்' பெரிய செலவுத் தொடர் இல்லையான்னு எதிரணி கேட்கும். ஆமாங்க, பெரிய செலவுதான். ஆனா அந்தக் கதையில தொடக்கத்துலயே பனிக்கட்டி ஏத்திட்டு வர்ற சரக்குக் கப்பல் வருது, அப்புறம் கதை தண்ணிக்குத் தவிக்கிற மக்கள்கிட்ட போகுது. பாதி தூரம் வேகமெடுத்த கப்பல், திரும்பி நின்னு இன்ஜினை எரிச்சுத்தான் வேகத்தைக் குறைக்கும். அந்த நெருக்கடியில மனுசங்க என்ன பண்றாங்கங்கறதுதான் கதை. அதுமாதிரி எடுத்தா நானே எழுந்து நின்னு கை தட்டறேன்.

எனக்கு அடுத்துப் பேச வர்ற எதிரணி அம்மணிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். உங்க அணித் தம்பி புகழ்ந்த அந்தப் பத்துப் பகுதித் தொடர்ல, அந்தக் குடியிருப்புக்குக் குடிக்கற தண்ணி எங்கிருந்துங்க வருது? வணக்கமுங்க.