கொட்டியாரக்குடாவில் ஒரு ரிலே: பிழை எங்கே திருந்துகிறது, எங்கே பெருகுகிறது?

[திரை: வரைபடம். திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில் ஒரு வள்ளம், சுவாமிமலை, மூதூர்க் கரை.]

வள்ளத்திலுள்ள டிரான்ஸ்மிட்டர் மூதூருக்குத் தரவு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நேராக வரும் அலையோடு கடல்நீரில் பட்டுத் தெறித்த அலையும் கலக்கும். ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்தித்தால் சமிக்ஞை அமுங்கிப்போகும். அதனால் வள்ளம் அனுப்புவதைக் கேட்டு மூதூருக்கு அனுப்பும் ஒரு ரிலேயைச் சுவாமிமலையில் வைக்கிறோம்.

கேட்டதை அப்படியே பெருக்கி அனுப்பினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். டிகோட் செய்து, அதாவது பிட்டுகளாகப் படித்துப் பிழை திருத்தி, அனுப்பலாம். ஆனால் இதைப் பாருங்கள்.

[திரை: 0110011]

1950இல் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்ட குறிமுறையில் 1011 என்ற 4 பிட்டுகள், பிழையைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் 3 பாரிட்டி பிட்டுகளோடு 0110011 ஆகின்றன. 5ஆவது பிட் புரண்டால் 0110111. 1, 3, 5, 7ஆம் இடங்களில் உள்ள 1களை எண்ணினால் ஒற்றைப்படை, தவறு. 2, 3, 6, 7 இரட்டைப்படை, சரி. 4, 5, 6, 7 ஒற்றைப்படை, தவறு. தவறிய இரண்டு சோதனைகளும் தொடங்கும் இடங்கள் 1, 4. கூட்டினால் 5. பிழை அங்கேதான்.

[திரை: 0110101]

இப்போது 6ஆவதும் புரளட்டும். அதே சோதனைகள் 3ஆம் இடத்தைக் காட்டும். நல்ல பிட்டைப் புரட்டிவிட்டு 0100101 என்று ரிலே அனுப்பும். வந்தபோது 2 பிழை, போகும்போது 3. சோதனை மூன்றும் சரி என்கின்றன! மூதூர் ரிசீவரும் நம்பிவிடும்.

ஆகவே தரவின் முடிவில் 16 பிட் சி.ஆர்.சி. சேருங்கள்; தரவிலிருந்தே கணக்கிடும் சோதனை எண் அது. ரிலே டிகோட் செய்த தரவோடு அது பொருந்தாவிட்டால் ரிலே வாய் திறக்கக் கூடாது. ரிலே அனுப்பவேண்டிய மீதிப் பாரிட்டியை வள்ளமே அனுப்பட்டும். யார் அனுப்பினார் என்பதை ரிசீவருக்குச் சொல்லும் குறிப்பு பிட்டைப் பலமுறை திருப்பி அனுப்புங்கள். அது தவறாகப் போனால், ஒரு முறை அனுப்பும் பிட்டுத் தொகுதியான சட்டகம் முழுவதும் வீண்.

பொருந்தினால்? வந்ததையே திரும்ப அனுப்புவது நேரத்தை வீணாக்குவது. ரிலே தரவின் வரிசையைக் கலைத்து, அதிலிருந்து புதிய பாரிட்டி செய்து, அதை மட்டும் அனுப்பட்டும். ஒரே தரவுக்கு இரண்டு வரிசைகளில் பாரிட்டி செய்யும், 1993இல் வந்த டர்போ குறிமுறையின் இரண்டு பாதிகள் இப்படி இரண்டு இடங்களிலிருந்து புறப்படுகின்றன. வள்ளத்தின் பாதை அமுங்கிய நேரத்தில் மலையின் பாதையும் அமுங்குவது அரிது.

பலரும் தவறுவது ரிசீவரில்தான். வள்ளத்திலிருந்து நேரே வந்த பலவீனமான சமிக்ஞையை உடனே 0, 1 என்று வெட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பிட்டும் எவ்வளவு உறுதி என்ற மதிப்போடு நினைவகத்தில் வைத்திருங்கள். ரிலேயின் பாரிட்டி வந்ததும் இரண்டையும் சேர்த்து டிகோட் செய்யுங்கள்.