ஓடும் நீர் வளர்த்த பச்சை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் பள்ளிச் சீருடையோடு நேரே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம். பெரம்பூரில் அமர்ந்துகொண்டு மலையோடையில் வாழும் ஒரு பூச்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஓட்டேரி நாலாவின் கரையில் தட்டானைப் பிடித்து அதன் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டு வளர்ந்தவன் நான். அந்த உயிர் பட்ட பாடு எனக்குப் புரிய முப்பது வயது ஆனது. புரிந்த நாளிலிருந்து இந்தப் பூச்சிகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தட்டானுக்கும் ஊசித்தட்டானுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். உட்காரும்போது இறக்கைகளை இருபுறமும் விரித்து வைப்பது தட்டான். பெரும்பாலும் முதுகின் மேல் சேர்த்து மடித்துக்கொள்வது, உடல் ஊசிபோல் மெலிந்தும் இரு கண்கள் விலகியும் இருப்பது ஊசித்தட்டான். இன்று நான் பேச வந்திருப்பது ஊசித்தட்டான்களில் ஒன்றைப் பற்றி. ஸ்வீடன் நாட்டு இயற்கையறிஞர் லின்னேயஸ் 1758-லேயே இதற்கு அறிவியல் பெயர் இட்டுவிட்டார். இன்று அதன் முழுப் பெயர் நியூரோபேசிஸ் சைனென்சிஸ். சீனாவின் பெயரைத் தாங்கியிருந்தாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை, தென்கிழக்கு ஆசியா எங்கும் ஓடைகளில் வாழ்கிறது. ஆங்கிலத்தில் ஸ்ட்ரீம் குளோரி என்கிறார்கள். எனக்குள் நான் அதை ஓடைப்பச்சை என்றே அழைத்து வருகிறேன்; இங்கும் அப்படியே சொல்கிறேன்.

ஆனைமலை அடிவாரத்து ஓடை ஒன்றில், முழங்கால் நனைய நின்றுகொண்டு, இரண்டு கை தூரத்தில் ஓர் ஆண் பூச்சியைப் பார்த்தேன். நீருக்கு மேல் தலை நீட்டியிருந்த ஈரப்பாறையில் அது உட்கார்ந்திருந்தது. மடித்த இறக்கைகள் மங்கிய செம்புப் பழுப்பு நிறத்தில் இருந்தன. உதிர்ந்த இலைத்துணுக்கு என்று கடந்துபோயிருப்பேன். சட்டென்று இறக்கைகளை விரித்தது. பின்னிறக்கை இரண்டும் மயில்கழுத்துப் பச்சையாக ஒளி வீசி, அடுத்த கணமே மூடிக்கொண்டன. முன்னிறக்கைகளோ கண்ணாடிபோல் நிறமற்றவை. பறக்கும்போது உற்றுக் கவனித்தால் இன்னொன்று தெரியும்: சாதாரணமாகப் பறப்பதற்கு இது பெரும்பாலும் முன்னிறக்கைகளையே அடிக்கிறது. ஒளிரும் பின்னிறக்கைகள் காட்டுவதற்கு உரியவை. பெண்ணுக்கு முன்னால் அவற்றை விரித்து அசையாமல் நிறுத்திக்கொண்டு, முன்னிறக்கைகளின் பலத்தாலேயே மிதந்து நிற்கும். பறக்க அமைந்த நான்கில் இரண்டை ஏறத்தாழ முழுவதுமாக அழகுக்கு ஒதுக்கிவிட்ட உயிர் இது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தப் பச்சை சாயம் அல்ல. இங்கிலாந்தின் எக்ஸீட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் இந்த இறக்கையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் அமைப்பே பச்சை ஒளியைத் தேர்ந்து திருப்பி அனுப்புகிறது என்று விளக்கினார்கள். சோப்புக் குமிழியில் நிறம் தோன்றுவதும் இதற்கு நெருங்கிய செயல்தான். பெண்ணுக்கு இந்த ஒளி இல்லை. தேன்பழுப்பு இறக்கைகளில் சிறு வெண்புள்ளிகள் மட்டும் உண்டு. நீருக்கு அருகே முட்டையிட அமர்ந்திருக்கும்போது அந்த அடக்கம் அதற்குப் பாதுகாப்பு என்றே நான் நினைக்கிறேன்.

பெண், நீரில் ஊறிய வேர்களிலும் தண்டுகளிலும் வயிற்று நுனியிலுள்ள உறுப்பால் துளையிட்டு முட்டைகளைச் செருகும். ஆண் அருகிலேயே நின்று, நெருங்கும் வேறு ஆண்களை விரட்டும். இந்தக் காவலுக்கான காரணம் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமெரிக்க இனத்தின் மூலம் தெரியவந்தது. ஜோனதன் வாகே 1979-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த இனத்தின் ஆண், பெண்ணின் உடலில் முன்பு வேறோர் ஆண் விட்டிருந்த விந்தில் 88 முதல் 100 விழுக்காடு வரை அகற்றிய பிறகே தன்னுடையதைச் செலுத்துகிறது. முட்டையிட்டு முடியும் முன் பெண் வேறோர் ஆணிடம் சிக்கினால் முந்தியவனின் உழைப்பு அழிந்துபோகும். அதனால்தான் அந்தப் பாறையும் அதைச் சுற்றிய ஒரு முழ நீரும் அவனுக்கு அவ்வளவு பெரிய சொத்தாகின்றன.

இதுவரை சொன்னது வாழ்க்கையின் கடைசிச் சில வாரங்கள்தான். அதற்கு முந்தைய பெரும்பகுதி நீருக்கடியில் கழிகிறது. இளம்பூச்சி நீண்ட கால்களால் வேர்க்கொத்தைப் பற்றிக்கொண்டு, மடித்து வைத்த கீழுதட்டைக் கண் இமைக்கும் நேரத்தில் நீட்டி இரையைப் பிடிக்கும். வால் நுனியில் மூன்று செவுள்கள். அவை பயன்பட வேண்டுமானால் நீரில் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், இருக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். நிழல் தரும் மரத்தை வெட்டினால் நீர் சூடேறுகிறது. கழிவு கலந்தால் அதை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களே இருக்கும் உயிர்வளியையும் உண்டுவிடுகின்றன. அணை கட்டி நீரைத் தேக்கினால் பாறையில் மோதிக் காற்றைக் கலக்கும் ஓட்டமே நின்றுபோகிறது. ஒரு பூச்சியைக்கூடக் கையால் கொல்லாமல் ஓடைப்பச்சையை ஓர் ஊரிலிருந்து அகற்றிவிட முடியும் என்பதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன்.

நம் கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைச் சேரும் சமவெளி ஆறு. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டதும் அதன் குறுக்கேதான். ஓடைப்பச்சைக்கு உரிய இடம் இதுவல்ல. நம் பக்கத்து ஏரிகளிலும் குட்டைகளிலும் தேங்கிய நீரில் வளரும் வேறோர் ஊசித்தட்டான் இருக்கிறது. ஆணின் வயிறு மஞ்சள் கிழங்கின் நிறம். 1798-இல் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் அதற்குச் சூட்டிய பெயர் கோரமண்டலியானம், அதாவது நம் சோழமண்டலக் கரையின் பெயர். இதில் பெண் முட்டையிடும்போது ஆண் அதன் கழுத்துப் பக்கத்தை வால் நுனியால் பற்றிக்கொண்டு, செங்குத்தாக ஒரு குச்சிபோல் நிற்கும். ஓடைப்பச்சை தள்ளி நின்று காப்பதை இது பிடித்துக்கொண்டே காக்கிறது. புழல் ஏரிக்கரையில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு நாணல் ஓரமாகப் பொறுமையோடு உட்கார்ந்தால் அந்தக் குச்சியை நீங்களே பார்க்கலாம்.

இந்தத் தீப்பெட்டியில் இருப்பது, அந்த ஆனைமலை ஓடையின் பாறையில் ஓடைப்பச்சையின் இளம்பூச்சி ஒன்று, இறக்கை பெற்று வெளியேறும்போது கழற்றி விட்டுச்சென்ற தோல். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. முதுகில் அது வெளியேறிய பிளவையும், தலையில் கொம்புபோல் நீண்டிருக்கும் உணர்கொம்பின் முதல் கணுவையும் பாருங்கள். மற்ற கணுக்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒன்றின் நீளம் வராது. முன்வரிசைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கட்டும், மூச்சுக்காற்று படாமல் மெதுவாகக் கைமாற்றுங்கள்.