வாசலில் கேட்க வேண்டிய கேள்வி

(வேலூரில், அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களிடையே ஆற்றிய உரை)

செவிலியச் சகோதரிகளே, சகோதரர்களே, வணக்கம்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தால் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பி.பி., பல்ஸ், இ.சி.ஜி. என்று கை தானாகப் போகும். மனசு நொறுங்கி வருகிறவரை மட்டும் 'அவசரமில்லை' என்கிற பச்சைப் பட்டையில் போட்டு பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறோம். நடந்துதானே வந்தார், காத்திருக்கட்டும் என்று நினைப்பு. அந்த பெஞ்சைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நம் பக்கத்துக் கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை நடந்த மரணங்களை சி.எம்.சி. மருத்துவர்கள் விசாரித்து, 2004இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 10 முதல் 19 வயதுக்குள் தற்கொலையால் இறந்தவர்கள், ஆண்டுக்கு லட்சத்தில் ஆண்பிள்ளைகள் 58, பெண்பிள்ளைகள் 148. பழைய கணக்குதான். ஆனாலும் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உலகில் பெரும்பாலான நாடுகளில் ஆண்கள்தான் அதிகம். நம் மண்ணில் பெண்பிள்ளைகள் இரண்டரை மடங்கு!

ராத்திரி 11 மணிக்கு குடியாத்தம் பக்கத்திலிருந்து 108 வண்டியில் ஒரு பிள்ளை வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16, 17 வயது. "தீராத வயித்துவலி சிஸ்டர், தாங்கமாட்டாம எதையோ குடிச்சிட்டா" என்கிறார் சித்தப்பா. அம்மா அழுகிறாள். பிள்ளை வாயே திறக்கவில்லை. சித்தப்பா சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறோம். எத்தனை வயிற்றுவலி எழுதியிருப்போம்! கேஸ் ஆகிவிடும், நாளைக்கு ஒருத்தன் கட்டிக்க வரமாட்டான் என்கிற பயம் அந்தக் குடும்பத்துக்கு.

மூச்சு, நாடி, உணர்வு, இவைதான் முதலில். பிள்ளை பேசும் நிலைக்கு வந்ததும் சித்தப்பாவைச் சீட்டு போட அனுப்புங்கள். அம்மாவை ஐந்து நிமிஷம் வெளியே நிற்கச் சொல்லுங்கள். ஸ்கிரீனை இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்டால் அது விசாரணை. "செத்துப்போயிடணும்னு நெனச்சுதான் குடிச்சியா கண்ணு? இப்பவும் அந்த நெனப்பு இருக்கா? முன்னாடி எப்பவாவது இப்படிச் செஞ்சிருக்கியா? வீட்ல யாராவது அடிக்கிறாங்களா?" என்று நேராகவே கேளுங்கள். "அந்த மாதிரி எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் பதில் வரும். கேட்பதால் இல்லாத நினைப்பு முளைத்துவிடும் என்பது வீண் பயம். கேட்டதும் உடைந்து அழுதவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

"இருக்கு" என்று சொன்னால் அவள் பச்சை இல்லை. ஆஸ்திரேலியாவில் மனநல டிரையேஜுக்கு, அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பதற்கு, ஐந்து படி வைத்திருக்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அந்த நிமிஷமே பார்க்க வேண்டும். அடுத்த படிக்கு 10 நிமிஷம், அதற்கடுத்ததற்கு 30. நம்மிடம் ஆள் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் மேசைக்கு எதிரே, கண்ணில் படும்படி கட்டிலைப் போடலாம் அல்லவா? பாத்ரூமுக்குத் தனியாக அனுப்பாமல் இருக்கலாம் அல்லவா?

அம்மாவைத் திரும்ப உள்ளே கூப்பிடுங்கள். பாகாயம் மனநல மையத்தில் 1957 முதலே குடும்பத்தைக் கூடத் தங்கவைத்துத்தான் வைத்தியம். அந்த வழி நம் ஊர் வழி. போலீஸுக்குத் தகவல் போனாலும், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இப்படி வந்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை என்று அம்மாவிடம் விளக்குங்கள். பாதி பயம் அங்கேயே இறங்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. கத்துகிறவர், உளறுகிறவர் எல்லாம் மனநோயாளி அல்ல. சர்க்கரை இறங்கியிருக்கலாம், காய்ச்சல் மூளைக்கு ஏறியிருக்கலாம், குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளான கை நடுக்கமாக இருக்கலாம். குளுக்கோமீட்டர் வைக்காமல் சைக்கியாட்ரிக்குப் போன் போடாதீர்கள். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் நெஞ்சுவலி என்றால் அவருக்கும் இ.சி.ஜி. எடுங்கள்.

இனி டிஸ்சார்ஜ். உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து ஊர்களில் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரிடம் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள், அவ்வளவே. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். "எப்படி இருக்கே, சாப்டியா, மாத்திரை போட்டியா?" இதைக் கேட்க நம்மால் முடியாதா? வீட்டுக்குப் போகும்போது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416ஐயும் எழுதிக்கொடுங்கள். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

முன்வரிசையில் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் அம்மாக்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது ஒரு நோட்டு, ஒரு போன். யாரை, எந்தத் தேதியில் கூப்பிட வேண்டும் என்று அந்த நோட்டில் இருக்கட்டும். கூப்பிடுகிற செவிலியரின் பெயரை டூட்டி லிஸ்டிலேயே போடுங்கள். மற்ற வேலையோடு வேலையாக அவர் தலையில் கட்டாதீர்கள்.